ஐந்து பேருக்கு ஓர் எட்டுச் சீற் ஜீப்

எங்கள் ஊரில் வாகனங்களுக்கு வயது போகப் போக விலை ஏறுகிறது. ரொறன்ரோவில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் பகிடி விடுகிறேன் என்று நினைப்பார்கள். அங்கே புது வாகனத்தைக் கடையிலிருந்து வீதியில் இறக்கிய அன்றே அதன் பெறுமதியில் ஒரு பங்கு போய்விட்டது என்று வயிறெரிந்து பேசிக்கொள்வோம். இங்கே புதுக்குடியிருப்பில், அண்ணா வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தரகர் தன் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமான பெரிய வாகனம் எதுவானாலும் இங்கே அதற்கு ஜீப் என்றுதான் பெயர். கூரையில் வெயில் பட்டு நிறம் உரிந்துபோன ஒரு ஜீப்புக்கு அவர் சொன்ன விலையைக் கனடாக் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். பிழையாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி தட்டினேன். பிழையில்லை. அந்தக் காசுக்குக் கனடாவில் புத்தம் புதிதாகவே ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தலாம். "இதென்ன அநியாயம்?" என்று தரகரிடம் கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பல வருடங்களாக நாட்டுக்குள் வாகனமே இறக்க விடவில்லை, இப்போது விட்டும் வரி குரல்வளையைப் பிடிக்கிறது, இருக்கிற வாகனங்கள்தான் கை மாறிக் கை மாறி விலைப்படுகின்றன என்று விளக்கினார். "யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ அக்கா. நீங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிக்க இது போயிடும்," என்றார். தேநீர் பாதியில் இருக்கும்போதே அது போய்விட்டது. அவருடைய கைபேசிக்குச் செய்தி வந்தது, அவர் அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

ஜீப் ஏன் என்று கேட்பீர்கள். நான் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அதற்கான காரணம் என் கண்ணுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அண்ணாவும் அண்ணியும் அவர்களுடைய மகன் சின்னவனும் ஒட்டுசுட்டானில் இருக்கும் அண்ணியின் தாய்வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டுப் பொழுது படுகிற நேரம் திரும்பியிருக்கிறார்கள். வளைவில் யானை நின்றிருக்கிறது. மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு மூன்று பேரும் மதகுக்குள் இறங்கிப் பதுங்கியிருக்க, பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். மறுநாள் மோட்டார் சைக்கிளும் வந்தது. ஒரு மோட்டார் சைக்கிளை இவ்வளவு தட்டையாக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் முற்றத்தில் தலையில் கைவைத்து நிற்க, சின்னவன் தன் பள்ளிக்கூடச் சிநேகிதர்களை வரிசையாகக் கூட்டிவந்து அதைக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணி குசினியில் புட்டு அவித்தபடி, போன மாதம் பக்கத்து வளவு வாழை முழுவதையும் தின்ற யானையும் இதுவாகத்தான் இருக்கும் என்று, அயலாரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். ரொறன்ரோவில் ரக்கூன் வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் நான் மாநகர சபைக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடிக்கிறவள். அன்று மத்தியானமே அண்ணாவிடம் சொன்னேன், முதற்காசு நான் போடுகிறேன், மிச்சத்துக்கு லீசிங் போடுங்கள், முற்றத்தில் ஒரு வாகனம் வந்து நிற்காமல் நான் பிளேன் ஏறமாட்டேன் என்று. அண்ணாவுக்கும் உள்ளூர ஆசைதான். வயல் வேலை இல்லாத நாட்களில் என்னைப்போல் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றி இறக்கினால் மாதக் கட்டுக்காசுக்கு வழி பிறக்கும் என்று கணக்குப் போட்டார்.

அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தார். அதுவரை அரிசி புடைத்துக்கொண்டு, எங்கள் பேச்சுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவர் போல இருந்தவர், "எட்டுச் சீற் எண்டா எடுங்கோ. இல்லாட்டி வேண்டாம்," என்றார். எல்லோரும் திகைத்தோம். அந்த வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர்: அம்மா, அண்ணா, அண்ணி, மூத்தவள், சின்னவன். ஐந்து சீற் வாகனமே போதும், ஏழு சீற் என்றால் தாராளம், எட்டுச் சீற் என்பது சந்தையில் கிடைப்பதே அரிது என்று அண்ணா எடுத்துச் சொன்னார். அம்மா சுளகைத் தட்டினார். "எட்டு," என்றார். மாமி கலியாணக் கோஷ்டி ஏற்றப்போகிறா என்று அண்ணி பகிடி பண்ணினார். நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். இங்கே ஐந்து, அங்கே நானும் கணவரும் மகனும் மூன்று. ஐந்தும் மூன்றும் எட்டு. இத்தனை வருடத்தில் நான்கே தடவை வந்துபோன எங்களையும் சேர்த்துத்தான் அம்மா இன்னும் எண்ணுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். எதற்கும் லேசில் அசையாத மனிதரே, "அப்ப எட்டுச் சீற்றே பாருங்கோ. காசு கூடினாப் பரவாயில்லை," என்றார்.

எண்ணுவது அம்மாவின் பழக்கம், அதை இங்கே சொல்லியாக வேண்டும். கடைசிச் சண்டைக் காலத்தில் இடம் மாறி இடம் மாறி ஓடியபோது ஒவ்வொரு முறையும் அம்மா எங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியதும் எண்ணுவார், பதுங்குகுழிக்குள் இறங்கியதும் எண்ணுவார். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, அண்ணா, நான், தம்பி சீலன், நான்கு பேர். எல்லாவற்றையும் தாண்டி நான்கு பேரும் உயிரோடு ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே முகாமுக்குப் போகும் பஸ்களில் ஏற்றினார்கள். நாங்கள் மூவரும் ஏறிவிட்டோம். சீலன் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபோது, இடமில்லை, பின்னால் வருகிற பஸ்ஸில் வரட்டும் என்று சொல்லி அவனை இறக்கினார்கள். அம்மா எழும்பி நின்று, பிள்ளை என் மடியில் இருப்பான் என்று மன்றாடினார். பதினேழு வயதுப் பிள்ளை. சீலன்தான், "நான் பின்னால வாறன் அம்மா, நீங்கள் இருங்கோ," என்றான். பின்னால் பஸ் வந்தது. ஒன்றல்ல, விடியும்வரை வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கியவர்களை அம்மா எண்ணினார். அதன்பிறகு அவனுடைய படத்தை அம்மா காட்டாத இடம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. அது எழுதாத சட்டம். நான் கலியாணம் முடித்துக் கனடா வந்த பிறகும் தொலைபேசியில் எல்லாம் கதைப்போம், அதை மட்டும் கதைக்கமாட்டோம்.

இனி லீசிங் புராணம். கனடாவில் நாங்களும் லீசில்தான் ஒரு பெரிய எஸ்.யு.வி. வைத்திருக்கிறோம். அங்கேயும் ஒரு காலம் வாகனத் தட்டுப்பாடு வந்தது. தொழிற்சாலைக்குப் பாகங்கள் வந்து சேரவில்லை என்று எங்களை மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். ஆனால் காக்க வைத்த விற்பனைப் பெடியன் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டான், கோப்பி தந்தான். சில வருடம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு வருவதுதான் அங்கே லீஸ். இதை அம்மாவிடம் சொன்னேன். மகன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாகனத்தையும் அப்படித்தான் கொடுத்துவிட்டோமா என்று கேட்டார். ஓம் என்றேன். "குடுத்திட்டுத் திரும்பிப் பாக்காம வந்திட்டீங்களோ?" என்றார். உண்மையில் நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே லீசிங் என்றால் வேறு கதை. கடைசிக் கட்டுக்காசு கட்டி முடியும்வரை வாகனப் பதிவுப் புத்தகம் கொம்பனியிடம் இருக்கும். தவறினால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நான் வந்து நின்ற நாட்களிலேயே அதையும் பார்த்தேன். ரியூசன் வகுப்பு வாசலில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்த ஓட்டோ ஒன்றை இரண்டு பேர் வந்து, ஓட்டுகிறவரை இறக்கிவிட்டு, ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்சீற்றில் ஒரு பிள்ளையின் புத்தகப் பை கிடந்தது. அந்த மனிதர் பின்னால் ஓடியது வண்டிக்காக அல்ல, அந்தப் பைக்காக. பக்கத்தில் நின்ற கடைக்காரர் மரக்கறி நிறுத்துக்கொண்டே இருந்தார். அன்று இரவு அண்ணாவிடம் இது வேண்டாமோ என்று கேட்டேன். அவர் முற்றத்தில் கிடந்த தட்டையான மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

கிளிநொச்சியில் ஒரு லீசிங் ஒபிசுக்குப் போனோம். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளைக்கு அண்ணாவின் மூத்தவளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். பிணை நிற்க இரண்டு பேர் வேண்டும் என்றது. நான் மிடுக்காக, நான் நிற்கிறேன் என்று கனடாக் கடவுச்சீட்டையும் வங்கி அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தேன். என் மனதில், இந்த ஒபிசையே நான் தூக்கி நிறுத்தப் போவதுபோல் ஒரு நினைப்பு. அந்தப் பிள்ளை கடவுச்சீட்டைத் தொடக்கூட இல்லை. "நீங்கள் வெளியில இருக்கிற ஆள் அக்கா. உங்களை இஞ்ச ஆளாக் கணக்கெடுக்கேலாது," என்று மிகவும் மரியாதையாகச் சொன்னது. நான் இதே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்தான் பிறந்தேன் என்றேன். பிறந்த இடம் தேவையில்லை, இருக்கிற இடம்தான் தேவை என்றது. கடைசியில் அண்ணியின் தமையனும் சின்னவனின் வகுப்பு ரீச்சரும் பிணை நிற்கச் சம்மதித்தார்கள். முகம் சிவக்கக் கடவுச்சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதற்காசு மட்டும் நான் போடலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை.

எல்லாம் சரிவந்தது, எட்டுச் சீற்தான் வரவில்லை. படம் வரும், நாங்கள் வெளிக்கிடுவோம், ஒட்டுசுட்டான் தாண்டும்போது விற்றுவிட்டது என்று அழைப்பு வரும். என் லீவு கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் வவுனியாவில் ஒரு வாகன விற்பனைக்காரரிடம் ஒன்று நிற்கிறது என்று தரகர் அடித்துச் சொன்னார். அம்மா தானும் வருவேன் என்று வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். போய் இறங்கினால் எட்டுச் சீற் காலையிலேயே போய்விட்டது. பக்கத்தில் ஏழு சீற் ஒன்று நின்றது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாகனம். அண்ணா படுத்துக் கீழே பார்த்தார், மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்த்தார், எழும்பியபோது அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. மதிலோரம் இன்னொரு குடும்பம் அதையே பார்த்துக்கொண்டு தொலைபேசியில் யாரிடமோ காசு கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, எட்டு இல்லையே என்றார். விற்பனைக்காரர் சிரித்த முகமுள்ள மனிதர். "ஏழு பேர் தாராளமா இருக்கலாம் அம்மா. ஒராள் கூடினா, பின்னால வேற வாகனத்தில வரலாம்தானே," என்றார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டார். வேண்டாம் என்றார்.

எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது. அந்தக் குடும்பம் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. இது போனால் இனி நான் நிற்கும் காலத்துக்குள் வேறு இல்லை. அண்ணா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மறுபடி ஒரு மோட்டார் சைக்கிளில் அந்த வளைவால் வருவார். நான் குரலை உயர்த்திவிட்டேன். "அம்மா, நாங்கள் மூண்டு பேரும் எப்பவோ ஒருக்கா வாற ஆக்கள். எங்களுக்காக இவ்வளவு பிடிவாதம் என்னத்துக்கு? நாங்கள் வந்தா வான் பிடிச்சுக்கொண்டு வருவம்," என்றேன்.

அம்மா என்னை விளங்காமல் பார்த்தார். "உங்களுக்கோ?" என்றார்.

பிறகு சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். முன்சீற்றைத் தொட்டார். "முன்னுக்கு அண்ணாவும் நானும். நடுவில அண்ணியும் பிள்ளையள் ரெண்டும். பின்னுக்குச் சீலனும் பெஞ்சாதியும் பிள்ளையும்." பின்வரிசையில் இருந்த இரண்டு சீற்றையும் கையால் தடவிக் காட்டினார். "இதில ரெண்டுதான் கிடக்கு. பிள்ளையை ஆரோட விடுறது?"

வவுனியா வெயிலில் நின்று நான் என் அம்மாவைப் பார்த்தேன். புத்தி பேதலித்தவரின் முகம் அல்ல அது. அரிசி விலை சொல்லுகிற, பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிற அதே முகம். இத்தனை வருடமும் நாங்கள் அந்தக் கதையை எடுக்காமல் இருக்க, அம்மா தனக்குள் அவனை வளர்த்திருக்கிறார். முப்பது தாண்ட வைத்திருக்கிறார், கலியாணம் முடித்து வைத்திருக்கிறார். "இந்த வயசில அவனுக்கு ஒரு பிள்ளையாவது இருக்காதோ?" என்று என்னிடமே கேட்டார். இருக்கும் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அண்ணா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயரைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு இது முன்பே தெரிந்திருந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பிள்ளை எழும்பி நின்றது. எண்ணி எண்ணிப் பார்த்தேன். எட்டும் நிறைந்துவிட்டது. "அப்ப எனக்கு அம்மா?" என்றேன்.

"உனக்கு நீ போன இடத்தில வாகனம் நிக்குதுதானே பிள்ளை," என்றார் அம்மா. கோபமோ குத்தலோ அதில் இல்லை. "நீ போயிட்டாய். அவன் எங்கயும் போகேல்லை."

அந்த ஏழு சீற் அன்றே மற்றக் குடும்பத்துக்குப் போய்விட்டது. விற்பனைக்காரர் எங்களோடு வாசல்வரை வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மாவிடம், பொறுங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன் என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்கவில்லை. இந்தப் பக்கத்து மனிதருக்கு அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றில்லை. அனுராதபுரத்தில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்து, நான் போவதற்குக் கொஞ்ச நாள் இருக்கையில் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். கதவில் நசிவு, ஏசியில் ஒரு முனகல், பின்வரிசையில் மூன்று சீற். வடிவு பார்க்கிற சந்தையா இது? கையெழுத்துப் போட்டு எடுத்தோம். அம்மன் கோயிலில் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து, முன்கண்ணாடிக்குச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தோம். சின்னவன் பின்வரிசையில் ஏறிக் குதித்தபோது அம்மா ஏசவில்லை. இறங்கிய பிறகு ஒரு துணியால் அந்தச் சீற்றைத் தட்டிவிட்டார்.

அதே வாகனத்தில்தான் என்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் அத்தனை பேரும் வந்தார்கள். யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெட்டிகளைக் கூரையில் கட்டினார் அண்ணா. முன்னுக்கு அவரும் அம்மாவும் ஏறினார்கள், நடுவில் அண்ணியும் பிள்ளைகளும். நான் கைப்பையோடு கதவடியில் நின்றேன். என் காசு போட்ட வாகனத்தில் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்தார். "சீலன்ர சீற்றில இரு. அவன் ஒண்டும் சொல்லமாட்டான்," என்றார். ஏறி, யன்னல் பக்கச் சீற்றில் இருந்தேன். ரொறன்ரோவில் எங்கள் வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கும் காலம் வருகிறது. இந்தச் சீற்றை நான் விமான நிலைய வாசலிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் வளைவில் அண்ணா வேகத்தைக் குறைத்தார், யானை இல்லை. மாங்குளத்தில் ஏ ஒன்பது வீதியில் ஏறினோம். பிள்ளைகள் கைபேசியில் மூழ்கிப்போனார்கள். ஓமந்தை வந்தது. இப்போது அங்கே ஒன்றும் இல்லை; கடைகள், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேகமாகப் போகும் லொறிகள். தெரியாதவர்கள் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். அம்மா பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு பின்னுக்குத் திரும்பினார். விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். அண்ணாவின் தோள், தன் நெஞ்சு, நடுவரிசையில் மூன்று பேர். விரல் பின்வரிசைக்கு வந்தது. நான் இருந்த சீற், பக்கத்து வெறும் சீற், அதற்குப் பக்கத்து வெறும் சீற். உதடு எட்டு என்று அசைந்தது. விரல் அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். விரல் திரும்பி மறுபடியும் நான் இருந்த சீற்றுக்கு வந்தது.

"ஒன்பது," என்றார் அம்மா. திரும்பி வீதியைப் பார்த்தபடி இருந்தார்.

நான் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, யன்னலோடு ஒட்டி, அரைச் சீற்றில் உட்கார்ந்தேன்.